வெக்டர் கூட்டலில் விடை தவறினால்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

அளவும் திசையும் சேர்ந்த இரு பரிமாண வெக்டர்களைக் கூட்டும்போது நேரும் பிழைகள் எண்ணற்றவை அல்ல. மாணவர்களின் விடைகளைத் திருத்தத் திருத்த, அதே ஏழெட்டுத் தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெளிவாகிறது. ஒவ்வொரு தவறும் விடையில் தனக்கே உரிய தடத்தை விட்டுச்செல்கிறது. ஆகவே விடை தவறு என்று தெரிந்ததும் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் அழித்து எழுதத் தொடங்க வேண்டாம். எப்படித் தவறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

கட்டுரை முழுவதும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. முதல் விசை 50 நியூட்டன், திசை 30°. இரண்டாவது 40 நியூட்டன், திசை 140°. கோணங்கள் இரண்டும் வலப்பக்கம் செல்லும் கிடை அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்பட்டவை.

சரியான விடை இது (ஒரு விசை கிடை அச்சிலும் செங்குத்து அச்சிலும் எவ்வளவு செல்கிறது என்பவையே அதன் கூறுகள்; விசைகளைக் கூட்டிக் கிடைக்கும் ஒற்றை விசையே தொகுபயன்):

முதல் விசை: கிடைக்கூறு 43.30, செங்குத்துக் கூறு 25.00
இரண்டாம் விசை: கிடைக்கூறு −30.64, செங்குத்துக் கூறு 25.71
கூட்டுத்தொகை: 12.66, 50.71
தொகுபயன்: 52.27 நியூட்டன், திசை 75.98°

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

அளவுகோல் இல்லாமல், கையாலேயே ஒரு படம் வரையுங்கள். இரண்டு அம்புகளின் வால்களும் ஒரே புள்ளியில் இருக்கட்டும். பிறகு உங்கள் விடையை நான்கு கேள்விகளால் சோதியுங்கள்.

தொகுபயனின் அளவு 10-க்கும் 90-க்கும் இடையில் இருக்கிறதா? இரண்டு அளவுகளின் வித்தியாசத்துக்குக் கீழேயோ கூட்டுத்தொகைக்கு மேலேயோ அது போகவே முடியாது.

அம்புகளுக்கு இடைப்பட்ட கோணம் 110°. இது விரிகோணம் என்பதால் தொகுபயன் √(50² + 40²), அதாவது 64.03-ஐ விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறதா? இடைக்கோணம் குறுங்கோணமாக இருந்திருந்தால் அந்த எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். பலர் 10–90 சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது சோதனை அதைவிடப் பல மடங்கு கூர்மையானது.

தொகுபயனின் திசை இரண்டு அம்புகளுக்கும் நடுவில், அதாவது 30°-க்கும் 140°-க்கும் இடையில் விழுகிறதா?

பெரிய அம்பின் பக்கம் சாய்ந்திருக்கிறதா? 75.98° என்பது 140°-ஐ விட 30°-க்கு நெருக்கம். சரி.

விடை தவறும் இடத்தைப் பொறுத்துக் கீழே உரிய தலைப்புக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 1: அளவு சரி, திசை மட்டும் தவறு

### சரியாக 180° வித்தியாசம்

52.27 நியூட்டன், 255.98° என்று வந்திருக்கிறதா?

வரைபட முறையில், அதாவது ஓர் அம்பின் தலையில் அடுத்ததன் வாலை வைத்து அளவோடு வரைந்து செய்திருந்தால், மூடும் அம்பின் தலை எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். தொகுபயன் முதல் அம்பின் வாலில் தொடங்கி, கடைசி அம்பின் தலையில் முடிய வேண்டும். முக்கோணத்தைச் சுற்றி ஒரே போக்கில் அம்புத்தலைகளைப் போட்டுக்கொண்டே வந்தவர்கள் மூன்றாவதையும் அதே போக்கில் போட்டுவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது தொகுபயன் அல்ல. அந்த இரண்டு விசைகளையும் சமன்செய்யத் தேவையான எதிர்விசை. வினா அதைக் கேட்டிருந்தால் உங்கள் விடை சரி. வினாவை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கூறுகளைத் தனித்தனியே கூட்டும் கூறுகள் முறையில் செய்திருந்தால் குற்றவாளி, கோணத்தைக் கண்டுபிடிக்கும் நேர்மாறு டேன்ஜன்ட். செங்குத்துக் கூறைக் கிடைக்கூறால் வகுத்த கணமே இரண்டின் குறிகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மைனஸை மைனஸால் வகுத்தாலும் பிளஸைப் பிளஸால் வகுத்தாலும் கால்குலேட்டருக்கு ஒன்றுதான். அது −90°-க்கும் 90°-க்கும் இடையில்தான் விடை தரும். மீதி அரைவட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கணக்கில் இரண்டு கூறுகளும் நேர்மம் என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, 50 நியூட்டனை 150°-யிலும் 40 நியூட்டனை 40°-யிலும் வையுங்கள். கூட்டுத்தொகை −12.66, 50.71. கால்குலேட்டர் −75.98° என்று காட்டும். அம்பு மேல்நோக்கி இடப்பக்கம் செல்கிறது. விடையோ கீழ்நோக்கி வலப்பக்கம் என்கிறது. 180° கூட்டினால் 104.02°, அதுதான் சரி.

விதி சுருக்கமானது. கிடைக்கூறு மைனஸ் என்றால் கால்குலேட்டர் தரும் கோணத்தோடு 180° கூட்டுங்கள். செங்குத்துக் கூறின் குறி எதுவாக இருந்தாலும் கவலையில்லை. கிடைக்கூறு பிளஸ், செங்குத்துக் கூறு மைனஸ் என்றால் வரும் எதிர்மக் கோணம் அப்படியே சரி. விருப்பமிருந்தால் 360° கூட்டி எழுதலாம். கிடைக்கூறு சுழி என்றால் கால்குலேட்டர் பிழை காட்டும். அம்பு நேர் மேலே (90°) அல்லது நேர் கீழே (270°) செல்கிறது என்று பொருள்.

மூன்றாம் கால்பகுதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு கூறுகளும் மைனஸ், கோணமோ அழகான நேர்ம எண்ணாக வருகிறது. எச்சரிக்கும்படி எதுவும் கண்ணில் படுவதில்லை. கூறுகளின் குறிகளை வட்டமிட்டுவிட்டுக் கோணத்தைக் கணக்கிடும் பழக்கம் இங்கே காப்பாற்றும்.

### உங்கள் கோணமும் சரியான கோணமும் கூடினால் 90°

52.27 நியூட்டன், 14.02°. அளவு துல்லியம். 14.02-ஐயும் 75.98-ஐயும் கூட்டினால் 90. எல்லா வெக்டர்களுக்கும் சைனும் கொசைனும் இடம் மாறியிருக்கின்றன. மொத்தப் படமும் 45° கோட்டில் பிரதிபலித்துவிட்டது. பிரதிபலிப்பில் நீளம் மாறாது, ஆகவே அளவை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை ஒருபோதும் அகப்படாது.

காரணம் பெரும்பாலும் மனப்பாடம். கிடைக்கூறுக்குக் கொசைன் என்று பாடமாக வைத்திருப்பவர்கள், கோணம் செங்குத்து அச்சிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தாலும் அதையே போடுகிறார்கள். கோணம் எந்த அச்சைத் தொடுகிறதோ அந்த அச்சின் கூறுக்குத்தான் கொசைன். மற்றதற்குச் சைன். இப்படி நினைவில் வைத்தால் எந்தப் படத்திலும் செல்லும்.

திசைகோள்கள் வரும் கணக்குகளில் இது தவறாமல் நடக்கும். திசைகோள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. 030° என்றால் கிழக்கு அச்சிலிருந்து இடஞ்சுழியாக 60°. ஆகவே கிழக்குக் கூறுக்குச் சைன், வடக்குக் கூறுக்குக் கொசைன். ‘வடக்கிலிருந்து 30° கிழக்கே’ என்பதும் ‘கிழக்கிலிருந்து 30° வடக்கே’ என்பதும் வெவ்வேறு திசைகள். முதலில் சொல்லப்பட்ட திசையைப் பார்த்து நின்று, அடுத்துச் சொல்லப்பட்ட திசையின் பக்கம் திரும்புங்கள்.

காற்று வரும் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு. காற்றின் திசை என்று சொல்லப்படுவது அது வரும் திசை. மேற்குக் காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. கடல் நீரோட்டத்துக்கோ அது செல்லும் திசையைச் சொல்வது வழக்கம். இதைக் கவனிக்காவிட்டால் அந்த ஒரு வெக்டர் மட்டும் 180° திரும்பிவிடும்.

## அறிகுறி 2: அளவு இருக்க வேண்டியதைவிடப் பெரிது

64.03 என்ற எல்லையைத் தாண்டிய விடைகள் இங்கே. எந்த எண் வந்தது என்பதே காரணத்தைச் சொல்லும்.

### 73.95

கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருக்கிறீர்கள்.

இணைகரம் வரைந்திருந்தால், தவறான மூலைவிட்டத்தை அளந்திருக்கிறீர்கள். இரண்டு வால்களும் சேரும் புள்ளியிலிருந்து புறப்படும் மூலைவிட்டம்தான் தொகுபயன். இரண்டு தலைகளையும் இணைப்பது வித்தியாச வெக்டர். இடைக்கோணம் விரிகோணமாக இருக்கும்போது இந்தத் தவறான மூலைவிட்டம்தான் நீளமாக இருக்கும், கண்ணையும் அதுதான் ஈர்க்கும்.

சூத்திரத்தில் செய்திருந்தால், முக்கோணத்தின் உட்கோணமும் வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணமும் குழம்பியிருக்கின்றன. வால்கள் சேர்ந்திருக்கும்போது உள்ள கோணம் 110° என்றால் சூத்திரத்தில் பிளஸ் குறி: 50² + 40² + 2 × 50 × 40 × கொசைன் 110°. தலையோடு வாலை வைத்து வரைந்த முக்கோணத்தின் உட்கோணம் 70° என்றால் மைனஸ் குறி. இரண்டும் 52.27 தரும். ஒன்றின் கோணத்தையும் மற்றதன் குறியையும் கலந்தால் 73.95.

### 89.66

கிட்டத்தட்ட 90. அதாவது இரண்டு அம்புகளும் ஏறக்குறைய ஒரே திசையில் சென்றதுபோன்ற விடை. படத்தில் அவை 110° விலகி நிற்கின்றன. இந்த முரணே போதும்.

கூறுகள் முறையில், −30.64-இன் மைனஸ் குறி தொலைந்துவிட்டது. 140°-ஐ 40° என்று மாற்றிக்கொண்டு கொசைன் கண்டவர்கள், அம்பு இடப்பக்கம் செல்வதைக் குறிக்க மறந்திருப்பார்கள். குறுங்கோணத்துக்கு மாற்றாமல் 140°-ஐ அப்படியே கால்குலேட்டரில் இட்டால் குறி தானாக வரும். என் பரிந்துரை அதுதான்: எல்லாக் கோணங்களையும் ஒரே அச்சிலிருந்து, ஒரே சுழற்சியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

வரைபட முறையிலும் இதே எண் வரும். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. 140-ம் 40-ம் ஒரே கோட்டின் மேல்தான் அச்சாகியிருக்கும். மாற்று வரிசையைப் படித்தால் இரண்டாம் அம்பு 40°-க்குப் போய்விடும். அளப்பதற்கு முன் ‘இது விரிகோணமா, குறுங்கோணமா’ என்று கேட்டுக்கொண்டால் இந்தப் பிழைக்கு இடமில்லை.

### 69.24

ஒரே ஒரு வெக்டருக்குச் சைன், கொசைன் இடம் மாறியிருக்கிறது. இங்கே இரண்டாவதற்கு. எல்லாவற்றுக்கும் மாறினால் அளவு தப்பிக்கும், ஒன்றுக்கு மட்டும் மாறினால் அளவும் கெடும். கூறுகளைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். 140° அம்பு மேலே செல்வதைவிட இடப்பக்கம் அதிகம் செல்கிறது. ஆகவே கிடைக்கூறின் எண்ணளவுதான் பெரிதாக இருக்க வேண்டும்.

## அறிகுறி 3: கூறுகளே பொருந்தாத எண்களாக வருகின்றன

முதல் விசையின் செங்குத்துக் கூறு −49.40 என்று வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். மேல்நோக்கிச் செல்லும் அம்புக்குச் செங்குத்துக் கூறு எதிர்மமாக இருக்க முடியாது. கால்குலேட்டர் டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது.

சோதிக்க ஐந்து விநாடி போதும். சைன் 30 எவ்வளவு என்று கேளுங்கள். 0.5 என்றால் டிகிரி, −0.988 என்றால் ரேடியன், 0.454 என்றால் கிரேடியன் என்ற இன்னொரு கோண அலகு. தேர்வு அறைக்குள் நுழைந்ததும் முதலில் அழுத்த வேண்டிய பொத்தான்கள் இவை. வேறொருவரின் கால்குலேட்டரை வாங்கினாலும், மீட்டமைத்தாலும் மறுபடி சோதியுங்கள்.

இந்தப் பிழையை நான் தனித் தலைப்பில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரேடியனிலேயே முழுக் கணக்கையும் செய்தால் தொகுபயன் 10.19 என்று வரும். அளவு பற்றிய இரண்டு சோதனைகளிலும் அது தேறிவிடும். திசையைப் பார்த்தால்தான் அம்பு ஏறக்குறைய நேர் கீழே செல்வது தெரியும். இறுதி விடையை மட்டுமின்றி ஒவ்வொரு கூறின் குறியையும் படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

## அறிகுறி 4: வரைபடமும் கணக்கும் ஒத்துப்போகவில்லை

### சிறிய வித்தியாசம்

ஓரிரு சதவீதமும் ஓரிரு டிகிரியும் விலகினால் பிழை எதுவும் இல்லை. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கோணமானியை அரை டிகிரிக்கு மேல் நுணுக்கமாகப் படிப்பது கடினம்.

அதற்கு மேல் விலகினால் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். 1 செ.மீ. = 20 நியூட்டன் என்று எடுத்திருந்தால் தொகுபயன் வெறும் 2.6 செ.மீ. நீளம். 1 மி.மீ. தவறினால் 2 நியூட்டன் போய்விடும், திசையும் 2°-க்கு மேல் விலகலாம். 1 செ.மீ. = 5 நியூட்டன் என்று எடுத்தால் அம்புகள் 10 செ.மீ., 8 செ.மீ., தொகுபயன் 10.45 செ.மீ. அதே 1 மி.மீ. தவறுக்கு அரை நியூட்டன், அரை டிகிரிக்குச் சற்று அதிகம். தாள் இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். பென்சிலைக் கூராக்குங்கள். அளவுகோலின் ஓரத்திலிருந்து அல்ல, சுழிக் கோட்டிலிருந்து அளங்கள்.

கணக்கின் பக்கம் இருக்கக்கூடிய ஒரே காரணம் தசம இடங்களை முன்கூட்டியே சுருக்குவது. இடைநிலையில் இரண்டு தசம இடங்களாவது இருக்கட்டும். கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

### பெரிய வித்தியாசம்

வரைபடம் 32 நியூட்டன், 83° என்று சொல்கிறதா? இது முதலில் சொன்ன நான்கு சோதனைகளிலும் தேறிவிடும் விடை. அதனால்தான் ஆபத்தானது. இரண்டாம் அம்பை வரையும்போது கோணமானியின் அடிக்கோட்டை முதல் அம்பின் மேல் வைத்திருக்கிறீர்கள். 140° முதல் அம்பிலிருந்து அளக்கப்பட்டு, உண்மையில் 170°-யில் போய் விழுந்திருக்கிறது. முதல் அம்பின் தலையில் கிடை அச்சுக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு போட்டு, அதன் மேல் கோணமானியை வையுங்கள். கட்டம் போட்ட தாளில் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும்.

மலிவான இன்னொரு சோதனை: வரிசையை மாற்றி, இரண்டாவதை முதலில் வரையுங்கள். பாதை வேறாக இருந்தாலும் அதே புள்ளியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஓர் அம்பின் நீளமோ திசையோ தவறு.

மூன்றோ அதற்கு மேலோ வெக்டர்கள் இருந்தால் இரண்டு விடைகளின் கூறுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். வரும் மீதி, கொடுக்கப்பட்ட வெக்டர்களில் ஒன்றுக்குச் சமமாக இருந்தால் அதை ஒரு பக்கம் சேர்க்க மறந்துவிட்டீர்கள். அதன் இரண்டு மடங்காக இருந்தால் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். நீண்ட கணக்குகளில் இதைவிட வேகமாகக் குற்றவாளியைப் பிடிக்கும் வழி எனக்குத் தெரியாது.

## அறிகுறி 5: ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை

கவனமாக வரைந்தும், கவனமாகக் கணக்கிட்டும் விடை நிலைக்கவில்லை என்றால் கையைக் குறை சொல்ல வேண்டாம். வெக்டர்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய ரத்துசெய்கின்றனவா என்று பாருங்கள்.

50 நியூட்டன் 0°-யிலும் 48 நியூட்டன் 175°-யிலும் இருக்கட்டும். தொகுபயன் 4.72 நியூட்டன், 62.4°. அந்த 175° உண்மையில் 174° என்றால் தொகுபயன் 5.50 நியூட்டன், 65.7°. ஒரு டிகிரி மாறியதற்கு அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. இங்கே வரைபட முறையை நம்பக் கூடாது. கூறுகள் முறைக்கு மாறுங்கள். கொடுக்கப்பட்ட எண்கள் அளந்தெடுத்தவை என்றால், எத்தனை முறை கணக்கிட்டாலும் பயனில்லை. கருவிகளோடு திரும்பிச் சென்று அளவீட்டைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். செலவு மிகுந்த தீர்வு இது, ஆனால் வேறு வழியில்லை.

## அறிகுறி 6: விரிதாளில் அல்லது நிரலில் மட்டும் தவறு

விரிதாள்களிலும் பெரும்பாலான நிரல் மொழிகளிலும் சைன், கொசைன் சார்புகள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கின்றன. டிகிரியை π-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்த பிறகு கொடுங்கள்.

கால்பகுதிச் சிக்கலைத் தானே தீர்க்கும் ஏடான்2 என்ற சார்பு உண்டு, அதைப் பயன்படுத்துவது நல்லது. ஆனால் எக்செல்லில் கிடைக்கூறு முதலில், செங்குத்துக் கூறு பின்னர். பைத்தானில் செங்குத்துக் கூறு முதலில். மாற்றிக் கொடுத்தால், கூடினால் 90° வரும் அந்தப் பழைய அறிகுறி திரும்பவும் தோன்றும். இங்கே கூறுகளும் அளவும் சரியாக இருக்கும், கோணம் மட்டும் கெடும்.

கணினித் திரையில் வரையும்போது படம் தலைகீழாகத் தெரிந்தால், செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளர்கிறது. பல வரைகலைக் கருவிகளில் அதுவே வழக்கம். செங்குத்துக் கூறுகளின் குறியை மாற்றினால் போதும்.

## எப்போது மற்றவரிடம் கொடுக்க வேண்டும்

பாடக் கணக்கு என்றால்: மேலே உள்ள சோதனைகளை முடித்து, கையால் வரைந்த படம், கூறுகளின் பட்டியல், விடை மூன்றையும் ஒரே தாளில் எழுதிய பிறகும் பொருந்தாவிட்டால், அந்தத் தாளோடு ஆசிரியரிடம் செல்லுங்கள். பாடநூலின் விடையில் அச்சுப்பிழை இருப்பதும் உண்டு. அதை உறுதிப்படுத்தவும் அந்தத் தாள் உதவும்.

விசைகள் உண்மையானவை என்றால் வேறு கதை. இரண்டு கயிறுகளில் சமச்சீராகத் தொங்கும் சுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கயிறும் செங்குத்தோடு 60° சாய்ந்தால், ஒவ்வொன்றிலும் இழுவிசை சுமையின் முழு எடைக்குச் சமம். 75° சாய்ந்தால் எடையின் ஏறக்குறைய 1.93 மடங்கு. சைனும் கொசைனும் இடம் மாறினால் அந்த 75° கயிற்றின் இழுவிசை எடையின் 0.52 மடங்குதான் என்று தாள் சொல்லும். அதை நம்பிக் கயிறு வாங்கினால் அறுந்துவிடும். தூக்குக் கம்பிகள், கூரைச் சட்டங்கள், ஆள் நிற்கும் மேடைகள், ஓடும் படகின் பாதை என்று பிழைக்கு உயிர் விலையாகும் எந்த இடத்திலும், உங்கள் கணக்கு சரியாகவே இருந்தாலும் தகுதிபெற்ற பொறியாளரோ மாலுமியோ பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை வேலையைத் தொடங்காதீர்கள். விசைகள் ஒரே தளத்தில் இல்லாதபோதும், ஒரே புள்ளியில் செயல்படாமல் பொருளைச் சுழற்ற முயலும்போதும் இந்தக் கட்டுரையின் சோதனைகள் போதாது. அங்கே முதலிலேயே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.